ஆட்ட நாளன்று எதைப் பார்ப்பது?

இளையர் காற்பந்துக் குழுக்களின் பெற்றோர்களுக்கு ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்



சனி, ஞாயிறு காலைகளில் நம் பேட்டைத் திடல்களுக்குப் போனால் ஒரே காட்சிதான். உள்ளே பிள்ளைகள் பந்தைத் துரத்துகிறார்கள். கோட்டுக்கு வெளியே நாம் குடையும் தண்ணீர்ப் புட்டியும் மடக்கு நாற்காலியுமாக நிற்கிறோம். இரண்டு மணி நேரம் கண் எடுக்காமல் பார்க்கிறோம். ஆனால் எதைப் பார்க்கிறோம்? பெரும்பாலும் பந்தைத்தான். பந்து எங்கே போகிறதோ அங்கே நம் கண்ணும் போகிறது.

இன்று நான் உங்களிடம் கேட்பது சிறிய மாற்றம்தான். சிறிது நேரம் பந்தை விட்டுவிட்டு உங்கள் பிள்ளையைப் பாருங்கள். பயிற்றுவிப்பாளருக்கு இருபது பிள்ளைகள், நடுவருக்கு இரண்டு குழுக்கள். உங்கள் பிள்ளை வழக்கமாக எப்படி ஓடுவான், களைத்தால் முகம் எப்படி மாறும், எப்போது நடிக்கிறான், எப்போது நிஜமாகவே வலிக்கிறது என்பதெல்லாம் அந்தத் திடலில் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நான் மருத்துவர் இல்லை. சுகாதாரத் தகவல்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. அதனால் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைகளோடு, அவற்றைச் சொல்ல நாம் பயன்படுத்தும் சொற்களைப் பற்றியும் பேசப் போகிறேன். அவசர நேரத்தில் ஒரு சொல் தவறினால் சில நிமிடங்கள் வீணாகும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

ஆட்டம் முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது. 7 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் வேண்டும். 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்த பிள்ளை காலையில் மந்தமாக ஓடினால் அவனைத் திட்டிப் பயனில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இட்லி, எண்ணெய் குறைந்த தோசை, ரொட்டி, வாழைப்பழம் போதும். பரோட்டாவும் மீ கோரெங்கும் ஆட்டம் முடிந்த பிறகு காத்திருக்கட்டும்.

காலையில் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இளமஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் உடலில் தண்ணீர் போதவில்லை. பையில் கால்தடுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் ஆடக்கூடாது என்பது ஆட்ட விதி. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் காரில் கிடக்கக்கூடாது. அது திடல் ஓரத்தில், எடுக்கும் தூரத்தில் இருக்கவேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது பயிற்றுவிப்பாளருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. இதில் பேரம் வேண்டாம். காய்ச்சலோடு வெயிலில் ஓடும் உடல் இரட்டைச் சூட்டைச் சுமக்கிறது.

புகைமூட்டக் காலத்தில் கிளம்பும் முன் பிஎஸ்ஐ குறியீட்டையும் பாருங்கள். 24 மணி நேரக் குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்ற நிலையில் இருக்கிறது. பிள்ளைகள் வெளியே நீண்ட நேரம் கடுமையாக ஓடியாடுவதை இயன்ற அளவு குறைக்கவேண்டும். ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அதை அறவே தவிர்க்கவேண்டும்.

திடலுக்கு வந்ததும்

நாற்காலியை விரிக்கும் முன் நான்கு இடங்களைக் கண்ணால் தேடுங்கள்.

முதலாவது, நிழல். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் வெயிலில் இருந்தால் கூடாரத்தையோ குடையையோ அங்கே கொண்டுபோங்கள்.

இரண்டாவது, கோல்கம்பம். நகர்த்தக்கூடிய கம்பங்களைத் தரையோடு பிணைத்திருக்கவேண்டும். பிள்ளைகள் அதில் தொங்கி விளையாடினால் உடனே தடுங்கள். அந்த இரும்புச் சட்டம் சாய்ந்தால் உயிரே போகலாம்.

மூன்றாவது, மின்னலுக்கு ஒதுங்கும் இடம். இடிச்சத்தம் கேட்டாலோ மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அனைவரும் கட்டடத்துக்குள் போகவேண்டும். மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை திடலுக்குத் திரும்பக்கூடாது. “இன்னும் அஞ்சு நிமிஷம்தானே, முடிச்சிடலாம்” என்று ஒரு பெற்றோர் சொல்வார். அவருக்குத் தலையாட்டாதீர்கள்.

நான்காவது, ஏஇடி கருவி. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்க வைக்க மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இது. விளையாட்டரங்குகளிலும், பல வீவக புளோக்குகளின் மின்தூக்கிக் கூடங்களிலும் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி அருகில் உள்ள கருவி எங்கே என்று காட்டும். அதைத் தேடவேண்டிய நேரம் ஆட்டத்துக்கு முன்புதான்.

உடல் தயாராகும் 20 நிமிடம்

ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் சும்மா கோலுக்குள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தால் அது உடற்தயார்ப் பயிற்சி ஆகாது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ‘11+’ என்ற பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்திருக்கிறது. சுமார் 20 நிமிடம் பிடிக்கும். மெதுவான ஓட்டத்தில் தொடங்கி, கால், இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, ஒற்றைக்காலில் சமநிலை, தாவி இறங்குதல் என்று போய் வேகமான ஓட்டத்தில் முடியும். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் இதைச் சோதித்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்த குழுக்களில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

இங்கே நீங்கள் பார்க்கவேண்டியது முழங்காலை. தாவி இறங்கும்போது இரண்டு முழங்கால்களும் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா? அப்படியானால் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லுங்கள். பயிற்சியால் திருத்தக்கூடிய பழக்கம் அது.

வெயிலும் வேர்வையும்

நம் ஊரில் வெப்பம் என்பது வெப்பமானியில் தெரியும் எண் மட்டும் அன்று. காற்றில் ஈரம் அதிகம் இருப்பதால் வேர்வை உலர்வதில்லை. வேர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியமும் வானிலை ஆய்வு நிலையமும் 2023ல் வெப்ப அழுத்த ஆலோசனையை அறிமுகம் செய்தன. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு அது. 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம். மைஎன்வி செயலியில் பார்க்கலாம். ‘அதிகம்’ என்று காட்டினால் ஆட்டத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆட்ட விதிகளே தண்ணீர் குடிக்க ஒரு நிமிடமும், உடலைக் குளிர்விக்க 90 வினாடி முதல் 3 நிமிடம் வரையும் இடைவேளை தர இடம் கொடுக்கின்றன.

இனி நம் வீட்டு வழக்கத்துக்கு வருகிறேன். “வேர்க்க வேர்க்கப் பச்சைத் தண்ணி குடிக்காதே. சூடான உடம்பில் ஐஸ் தண்ணி பட்டா ஜன்னி வந்துடும்.” இதைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் காற்பந்துத் திடலில் இந்த அறிவுரை ஆபத்தானது. ஓடிக் களைத்த பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீர் நல்லது. தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்வதும் நல்லது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும், இனிப்புப் பானம் தேவையில்லை.

பிள்ளை தடுமாறி நடக்கிறான், பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறான் என்றால் அது வெறும் களைப்பாக இல்லாமல் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். தோல் காய்ந்து போயிருந்தால்தான் வெப்பத் தாக்கம் என்று நினைக்காதீர்கள். விளையாடும்போது தாக்கினால் உடல் நனைந்தே இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வரும் வரை கைகட்டி நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையையும் கால்தடுப்புகளையும் கழற்றி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஐஸ் துண்டுகளை வையுங்கள். சுயநினைவு குழம்பிய பிள்ளைக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக்கூடாது. எத்தனை விரைவில் உடல் குளிர்கிறதோ அத்தனை நல்லது. “ஜன்னி வந்துடும்” என்று யாராவது கையைப் பிடித்தால், அன்போடு கையை விடுவித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றுங்கள்.

‘மயக்கம்’ என்ற ஒரு சொல்

தமிழில் எனக்கு மிகவும் சிக்கல் தரும் சுகாதாரச் சொல் எது என்று கேட்டால், ‘மயக்கம்’ என்பேன். தலை சுற்றினாலும் மயக்கம். கண் இருண்டாலும் மயக்கம். குமட்டினாலும் சிலருக்கு மயக்கம். நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம்தான். வீட்டில் பேசும்போது இதில் தொல்லை இல்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆனால் தொலைபேசியில் “பிள்ளை மயக்கமா இருக்கான்” என்று சொன்னால், கேட்பவருக்கு அவன் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறானா, தரையில் அசைவற்றுக் கிடக்கிறானா என்று தெரியாது. இரண்டுக்கும் செய்யவேண்டியது வெவ்வேறு.

ஆகவே திடலில் இந்தச் சொல்லை ஒதுக்கிவையுங்கள். பதிலுக்கு, பார்த்ததைச் சொல்லுங்கள். கூப்பிட்டால் பதில் சொல்கிறானா? வழக்கம்போல் மூச்சு விடுகிறானா? 995ஐ அழைக்கும்போது இந்த இரண்டையும் இடத்தையும் முதலில் சொன்னால் போதும். “கூப்பிட்டேன், பதில் இல்லை. மூச்சு சரியாக இல்லை.” எந்த மொழியில் சொன்னாலும் இந்த வாக்கியம் தெளிவானது.

பிள்ளையிடம் கேட்கும்போதும் அப்படியே. “ஓகேவா?” என்று கேட்டால் “ஓகே” என்றுதான் பதில் வரும். குழுவை விட்டு வெளியே வர எந்தப் பிள்ளை விரும்பும்? “தலை வலிக்கிறதா? சுற்றுகிறதா? இரண்டு இரண்டாகத் தெரிகிறதா? குமட்டுகிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

தலையில் அடிபட்டால்

இரண்டு பிள்ளைகள் ஒரே பந்துக்குத் தாவி, தலையோடு தலை மோதுகிறார்கள். சிறிது நேரத்தில் எழுந்து ஓடுகிறார்கள். நாம் கைதட்டுகிறோம். இங்கேதான் கவனம் வேண்டும். மூளையதிர்ச்சி ஏற்பட நினைவிழக்கத் தேவையில்லை. ரத்தமோ வீக்கமோ இருக்கவேண்டியதும் இல்லை. தலையில் நேராக அடிபடாமல், உடலில் விழுந்த மோதல் தலையை உலுக்கினாலும் ஏற்படலாம்.

எழுந்த பிள்ளையைத் தொடர்ந்து பாருங்கள். வெறித்த பார்வை, தள்ளாட்டம், தவறான பக்கம் ஓடுதல், மெதுவான பதில், காரணமில்லாத அழுகை ஆகியவை அறிகுறிகள். சில எளிய கேள்விகள் உதவும். நாம் எந்தத் திடலில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோலை யார் அடித்தார்கள்? போன ஆட்டத்தில் யாரோடு ஆடினோம்? வென்றோமா? பதில் தடுமாறினால் ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தாலும், உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப இறங்குவதும் கூடாது. முதல் அடியிலிருந்து மீளாத மூளைக்கு இரண்டாவது அடி மிக ஆபத்தானது.

தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கைகால் பலவீனமானால், கழுத்து வலித்தால், எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கி வழிந்தால் அவசரச் சிகிச்சை வேண்டும். கழுத்தில் காயம் இருக்கலாம் என்று தோன்றினால் பிள்ளையை அசைக்காமல் உதவிக்கு அழையுங்கள்.

முதல் ஓரிரு நாள் ஓய்வு. கைப்பேசித் திரை குறைவு. பிறகு பள்ளி, அதன் பிறகுதான் பந்து. விளையாட்டுக்குத் திரும்புவது படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு நடக்கவேண்டும். மோதல் உள்ள ஆட்டத்துக்கு மருத்துவர் அனுமதி தேவை. அடுத்த வாரம் இறுதியாட்டமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

யாரும் தொடாமல் விழுந்தால்

2021 ஜூன் 12ஆம் தேதி. கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் ஆடிய ஐரோப்பியக் கிண்ண ஆட்டம். முதல் பாதி முடியும் தறுவாயில் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அவருடைய குழுவினரும் மருத்துவக் குழுவும் தாமதிக்கவில்லை. அங்கேயே சிபிஆர் செய்தார்கள், கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எரிக்சன் உயிர் பிழைத்தார். 2022ல் மீண்டும் ஆட வந்தார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் தம் நாட்டுக்காகக் கோலும் அடித்தார்.

அவரைக் காப்பாற்றியவை முதல் சில நிமிடங்கள். இதயம் நின்ற பிறகு உதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. இது அரிதாகவே நடக்கும். ஆனால் நடந்தால், ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த நிமிடங்கள் உங்கள் கையில்தான்.

மோதலே இல்லாமல் விழுந்த பிள்ளை, கூப்பிட்டால் பதில் இல்லை, வழக்கம்போல் மூச்சு இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கைகால் வெட்டி இழுக்கலாம், விட்டு விட்டு மூச்சுத் திணறலாம். அதை வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம். ஒருவர் 995ஐ அழைக்கட்டும். ஒருவர் ஏஇடி கருவிக்கு ஓடட்டும். ஒருவர் நெஞ்சின் நடுவில் கைவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் வலுவாக அழுத்தட்டும். 995 அதிகாரி தொலைபேசியிலேயே வழிகாட்டுவார். ஏஇடி கருவியைத் திறந்ததும் அது பேசும். சொல்வதைச் செய்தால் போதும். தேவையில்லாதபோது அது மின்னதிர்ச்சி கொடுக்காது.

இன்னொன்று. ஆடும்போதே மயங்கி விழுந்த, அதாவது நினைவிழந்த பிள்ளையும், ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையும், இளம் வயதிலேயே யாராவது திடீரென்று இறந்த குடும்பத்துப் பிள்ளையும் மருத்துவரைப் பார்த்த பிறகே ஆடவேண்டும். நம் குடும்பங்களில் அப்படிப்பட்ட மரணங்களைப் பற்றிப் பேசுவதில்லை. “அவன் விதி” என்று முடித்துவிடுகிறோம். மருத்துவரிடம் மட்டுமாவது பேசுங்கள்.

கோட்டுக்கு வெளியே நம் குரல்

1998ல் ஹனோயில் நடந்த டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமார் அடித்த ஒரே கோலில் சிங்கப்பூர் வென்றதை இங்கே சிலர் நேரில் பார்த்ததுபோலவே சொல்வீர்கள். நம் பிள்ளையும் அப்படி வரவேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசை சத்தமாக வெளிவருவதும் இயல்புதான். “ஓடு! அடி! விடாதே!” எல்லாம் இருக்கட்டும்.

ஒரே ஒரு கூவலை மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளை விழுந்து கிடக்கும்போது, “எழுந்திரு, ஒண்ணும் இல்ல!” என்பதை. ஒன்றும் இல்லை என்று இருபது மீட்டர் தூரத்திலிருந்து நமக்கு எப்படித் தெரியும்? அப்பா அப்படிச் சொன்ன பிறகு, தலை சுற்றுகிறது என்று சொல்லும் துணிவு பத்து வயதுப் பிள்ளைக்கு வராது. அடுத்த முறை அவன் வலியை மறைக்கக் கற்றுக்கொள்வான். பதிலாக, “அப்படியே இரு, பார்க்கிறோம்” என்று சொல்லிப் பாருங்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். கோல் ஒன்று போனால் போகட்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு

வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தை அலசாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சாப்பிட வையுங்கள். அன்று மாலையும் மறுநாள் காலையும் இன்னொரு முறை பாருங்கள். படி இறங்கும்போது நொண்டுகிறானா? தலையைப் பிடித்துக்கொள்கிறானா? வழக்கமாகச் சாப்பிடுகிறானா? மூளையதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

7 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினமும் 60 நிமிடம் வேர்க்க விளையாட வேண்டும். ஆகவே பயந்துபோய்ப் பந்தைப் பூட்டிவைக்க வேண்டாம். பந்து நல்லது, வெயிலும் மழையும் உள்ள நம் திடல்களும் நல்லவை.

அடுத்த ஆட்டத்துக்கு முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். மைரெஸ்பாண்டர், மைஎன்வி இரண்டையும் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்யுங்கள். சிபிஆர், ஏஇடி பயிற்சி வகுப்பில் குழுவின் பெற்றோர் இருவராவது சேருங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் பற்றி மருத்துவர்கள் சொல்வதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மூன்றில் கடினமானது கடைசிதான். ஆனால் பேரன் என்றால் பாட்டி கேட்பார்.